சத்தத்தை அணைத்துப் பார்த்தவன்

முதல் நாள், முதல் காட்சி, அரங்கு நிறைந்த கூட்டம். படம் தொடங்கி ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. எனக்குப் பின் வரிசையில் இருந்த ஒரு அம்மாள் தன் கணவரிடம் கேட்டார்.

"ஏங்க, அந்த ஃபோனைத்தான் அவன் சுவத்துல அடிச்சு உடைச்சுட்டானே. இப்ப எதுல பேசுறா?"

"படம்னா அப்படித்தான் இருக்கும். பேசாம பாரு," என்றார் கணவர்.

அந்தப் புண்ணியவான் மன்னித்துவிட்டார். எனக்குத்தான் நாற்காலியில் உட்கார முடியவில்லை. ஏனென்றால் அந்தப் படத்தின் எடிட்டர் நான்.

கதை ஒன்றும் பெரிய சிக்கலானது இல்லை. பெரிய வீட்டில் ஒரு டிரைவரை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு தனியாக இருக்கும் ஒரு தாய். இடைவேளைக்கு முன் வில்லன் வீட்டுக்குள் புகுந்து அவளுடைய ஃபோனை உடைக்கிறான். இடைவேளைக்குப் பின் அவள் அதே ஃபோனில் மகனைக் கூப்பிடுகிறாள். மகன் வருகிறான், வில்லனுக்கு அடி விழுகிறது, கூட்டம் விசிலடிக்கிறது. அந்த ஒரு அழைப்பு இல்லையென்றால் கடைசி இருபது நிமிடப் படமே கிடையாது. உடைந்த ஃபோன் எப்படிப் பிழைத்தது என்று அந்த அம்மாள் கேட்டதில் என்ன தப்பு? நான் இருட்டில் நாலைந்து பேர் காலை மிதித்து, திட்டு வாங்கிக்கொண்டு, வெளியே வந்து நேராக என் எடிட்டிங் அறைக்குப் போனேன்.

ஒவ்வொரு படத்தின் எடிட்டிங்கிலும் கடைசி நாளில் நான் செய்யும் ஒரு வேலை உண்டு. அதற்கு 'பிழிவது' என்று பெயர் வைத்திருக்கிறேன். படத்தை இயக்குநர் பார்த்துத் தலையாட்டிய பிறகு, நான் மட்டும் தனியாக உட்கார்ந்து, சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டு, முதலிலிருந்து கடைசிவரை ஊமைப்படமாகப் பார்ப்பேன். பேச்சும் பாட்டும் இல்லாவிட்டால் படம் எங்கே நொண்டுகிறது என்று பளிச்சென்று தெரியும். அங்கே அரை நொடி, இங்கே ஒரு நொடி என்று ஈரத்துணியில் மிச்சத் தண்ணீரை எடுப்பதுபோல் எடுத்துவிடுவேன். இந்த வித்தையைப் பற்றி ஒரு கல்லூரியில் முக்கால் மணி நேரம் பேசிக் கைதட்டல்கூட வாங்கியிருக்கிறேன். மண்டைக்கனம் அவ்வளவு.

பிழிவதற்கு முந்தைய பழைய பிரதியைத் திறந்து, அந்த இடத்துக்குப் போய், இந்த முறை சத்தத்தோடு ஓடவிட்டேன். வீட்டு டிரைவர் வாசல் பக்கத்திலிருந்து வந்து கூடத்தைக் கடந்து உள்ளே போகிறார். முதுகுதான் தெரிகிறது. இரண்டரை நொடி. சும்மா நடக்கிறவனை எதற்குக் காட்ட வேண்டும் என்று நான் தூக்கிப் போட்ட துண்டு அது. நடந்துகொண்டே அவர் சொல்கிறார்: "அம்மா, ஃபோனை ரிப்பேர் பண்ணி மேசை மேல வச்சிருக்கேன்."

வாய் தெரிந்திருந்தால் பேசுகிறார் என்றாவது கண்டுபிடித்திருப்பேன். முதுகு பேசும் என்று யார் நினைத்தார்கள்? பிழிந்த படத்தைத்தான் சத்தம் சேர்க்கிறவர்களிடம் அனுப்பினேன். அதன் பிறகு இயக்குநர் பார்த்தார், நான் பார்த்தேன், இன்னும் பத்துப் பேர் பார்த்தோம். ஒருவர் கண்ணிலும் படவில்லை. ஒரு படத்தை நூறு தடவை பார்த்தவன் அப்புறம் திரையைப் பார்ப்பதில்லை, தலைக்குள் ஓடுவதைத்தான் பார்க்கிறான். ஃபோன் சரியாகிவிட்டது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். எப்படித் தெரியும் என்று யாரும் யோசிக்கவில்லை.

இந்தப் படத்தை எழுதியவர் என் அத்தான். அக்காவின் கணவர். "என் மாப்ளைகிட்ட கொடுங்க, நல்லா பண்ணுவான்" என்று இயக்குநரிடம் சொல்லி எனக்கு இந்த வாய்ப்பை வாங்கித் தந்தவரும் அவர்தான். அந்த வரிகூட அவர் எழுதிய தாளில் இல்லை. படப்பிடிப்பு அன்று, எல்லோரும் விளக்குக்காகக் காத்திருந்தபோது, "ஐயையோ, ஃபோன் உடைஞ்சு கிடக்குதே, அப்புறம் எப்படிப் பேசுவா?" என்று அவராகவே கண்டுபிடித்து, டிரைவராக நடித்தவரின் காதில் சொல்லிக் கொடுத்த வரி. ஒரு நாள் வேலைக்கு வந்த அந்த நடிகர் அதைச் சொல்லிவிட்டுப் போனார். ஓட்டையை முதலில் பார்த்து அடைத்தவர் அத்தான். அதைத் தோண்டித் திறந்துவிட்டவன் நான்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். படம் நன்றாகத்தானே ஓடுகிறது, யார் கவனிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

பத்தாம் நாள் 'ஓட்டை எண்ணி' கவனித்துவிட்டார். இணையத்தில் புதுப் படங்களின் ஓட்டைகளை எண்ணிச் சொல்கிறவர் அவர். அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. வாத்தியார் மாதிரிக் கண்ணாடி, தூக்கம் வருகிற குரல், ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு மணி அடிப்பார். எங்கள் படத்துக்குப் பதினான்கு மணி அடித்தார். பதின்மூன்று சில்லறை விஷயங்கள், முதல் பாதியில் வலது கையில் இருந்த கட்டு இரண்டாம் பாதியில் இடது கைக்குப் போனது மாதிரி. பதினான்காவதுக்கு மணியைக் கையில் எடுத்து ஆட்டு ஆட்டென்று ஆட்டி, "செத்த ஃபோன் பேசுகிறது. எழுத்தாளர் ஐயா, எழுதும்போது தூங்கிவிட்டீர்களா?" என்றார்.

லட்சக்கணக்கில் பார்த்தார்கள். ஓட்டை என்றால் ஜனங்களுக்கு எழுத்தாளர்தான் ஞாபகம் வருவார். எடிட்டர் என்று ஒருவன் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. அந்த வசதியில் நான் சொகுசாக ஒளிந்துகொண்டேன். அத்தான் காய்கறி வாங்கப் போனால் கடைக்காரர், "சார், அந்த ஃபோன் எங்க கிடைக்கும்? என்னோடது தண்ணியில விழுந்துருச்சு" என்று கேட்டாராம். முடி வெட்டப் போன இடத்தில் கேட்டார்களாம். முதலில் அத்தானும் சிரித்தார்.

இயக்குநர் என்னை ஃபோனில் கூப்பிட்டார். "ஏம்ப்பா, அந்த ஃபோனுக்கு ஏதோ டயலாக் எடுத்தோம்னு உங்க அத்தான் சொல்றார். ஸ்கிரிப்ட்டைப் புரட்டிப் பாத்தேன், இல்ல. எனக்கும் ஞாபகம் இல்ல. ஒரு நாளைக்கு நாப்பது ஷாட் எடுக்கிறோம். எடுத்து வச்ச ஃபுட்டேஜ்ல ஏதாவது இருக்கா?"

என் முன்னால் திரையில் அந்த டிரைவரின் முதுகு அசையாமல் நின்றுகொண்டிருந்தது. இவருடைய அடுத்த இரண்டு படங்களுக்கும் நான்தான் எடிட்டர் என்று பேசி முடித்திருந்தோம்.

"இல்ல சார். அப்படி எதுவும் இல்ல," என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் அல்ல, வாய் தானாகச் சொன்னது. அதனால் என் குற்றம் குறையாது, தெரியும். அடுத்த வாரம் அத்தான் என் அறைக்கே வந்து, எனக்குப் பின்னால் இருக்கும் சோபாவில் உட்கார்ந்து, அதையே கேட்டார்.

"மாப்ள, உண்மையச் சொல்லு. டிரைவர் வேஷக்காரர் ஃபோனைப் பத்தி ஏதோ சொல்வார். நான் சொல்லிக் கொடுத்தேன். அப்படி ஒண்ணு வந்துச்சா, இல்லையா?"

இயக்குநரிடம் ஒன்று, இவரிடம் ஒன்று என்று எப்படிச் சொல்வது? ஒரு பொய் சொன்னவனுக்கு இரண்டாவது பொய் கடமை ஆகிவிடுகிறது.

"இல்ல அத்தான். வந்த மாதிரி ஞாபகம் இல்ல."

"அப்ப நானா நினைச்சுக்கிட்டேனா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். அவர் முகத்தைப் பார்க்காமல், அவசர வேலை இருப்பதுபோல் எதையோ தட்டிக்கொண்டிருந்தேன். குடித்துக்கொண்டிருந்த காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அதன்பிறகு கேலி அடங்கிவிட்டது. ஓட்டை எண்ணி வேறு படத்துக்கு மணியடிக்கப் போய்விட்டார், ஜனங்களும் அவர் பின்னாலேயே போய்விட்டார்கள். அத்தானை மட்டும் அது விடவில்லை. புதிதாக எழுதிக்கொண்டிருந்த கதையின் முதல் இருபது பக்கங்களை எனக்கு அனுப்பினார். அதில் இப்படியெல்லாம் இருந்தது: 'அவன் பேனாவை எடுக்கிறான். (இந்தப் பேனா காட்சி மூன்றில் அவன் தங்கை கொடுத்தது.) எழுதிவிட்டுச் சட்டைப் பையில் வைக்கிறான். (இடது பை.)' பக்கத்துக்குப் பக்கம் இப்படியே. எழுத்திலேயே சிரிக்க வைக்கிற மனிதர், ஒரு கதவைத் திறக்க நாலு வரி எழுதியிருந்தார். "எப்படி இருக்கு மாப்ள?" என்று கேட்டதற்கு, "தெளிவா இருக்கு அத்தான்" என்றேன்.

ஒரு நாள் மத்தியானம் அக்கா கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"தம்பி, உங்க அத்தான் ஒரு மாதிரியா இருக்கார்டா. கேஸை அணைச்சேனா, பூட்டினேனான்னு நாலு தடவை திரும்பி வந்து பாக்குறார். எல்லாத்தையும் நோட்டுல எழுதி வைக்கிறார். நேத்து திடீர்னு, 'எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது'ங்கிறார்."

அத்தானின் அப்பாவை எனக்குத் தெரியும். கடைசி நாலு வருடம் சொந்த மகனைப் பார்த்து, "நீங்க யாரு, எந்த ஊரு?" என்று மரியாதையாக விசாரித்துக்கொண்டிருந்தவர். அத்தான் தினமும் அவருக்குத் தன்னைப் புதிதாக அறிமுகம் செய்துகொள்வார்.

"நடக்காத ஒரு விஷயத்தை நடந்ததா நினைச்சிருக்கேன், டைரக்டரும் இல்லங்கிறார், நம்ம மாப்ளையும் இல்லங்கிறான்னு அதையே சொல்லிச் சொல்லி மாயுறார்டா. டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். நீயும் கூட வா. எனக்குப் பயமா இருக்கு."

இப்போதாவது சொல்லியிருக்கலாம். ஃபோனில், ஒரே ஒரு வாக்கியம். "வர்றேன்க்கா" என்றேன். நான்தான் வண்டி ஓட்டிக்கொண்டு போனேன்.

மருத்துவர் சின்ன வயதுப் பெண். பொறுமையாகப் பேசினார். அறையில் நாங்கள் மூவரும் உட்கார்ந்திருந்தோம். "மூணு வார்த்தை சொல்றேன் சார், ஞாபகம் வச்சுக்குங்க. கொஞ்சம் கழிச்சுக் கேப்பேன். மரம், கடிகாரம், செருப்பு." பிறகு தேதி கேட்டார், நூறிலிருந்து ஏழேழாகக் குறைக்கச் சொன்னார், ஒரு வட்டம் போடச் சொன்னார். அத்தான் பரீட்சைக்கு வந்த பையன்போல் விறைப்பாக உட்கார்ந்து எல்லாம் சரியாகச் செய்தார். கூட்டல் கழித்தலில் என்னைவிடக் கெட்டி.

"இப்ப அந்த மூணு வார்த்தை சொல்லுங்க."

"மரம். கடிகாரம்." நிறுத்தினார். உதட்டை நனைத்துக்கொண்டார். மேசையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தார். ஐம்பத்திரண்டு வயது மனிதர், அப்படி ஒரு பார்வையை நான் பார்த்ததே இல்லை. அக்கா சிரிக்க முயன்றாள். எனக்குச் செருப்பு என்று கத்த வேண்டும்போல் இருந்தது. அந்த வார்த்தையால் என்னையே அடித்துக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. மூன்றாவது வார்த்தை வரவே இல்லை.

"பயந்தாலும் மறக்கும் சார். நீங்க எடுத்துட்டு வந்த ஸ்கேன் நல்லாத்தான் இருக்கு. ஆறு மாசம் கழிச்சு மறுபடி பாப்போம். இப்பவே எதுவும் முடிவு பண்ணாதீங்க," என்றார் மருத்துவர்.

அத்தான் முடிவு பண்ணிவிட்டார். திரும்பி வரும்போது வண்டியில் பின் இருக்கையிலிருந்து சொன்னார். "திங்கக்கிழமை தயாரிப்பாளரைப் பாத்து, புதுக் கதையை வேற ஆளை வச்சு எழுதிக்குங்கன்னு சொல்லிடப் போறேன் மாப்ள. தலையை நம்ப முடியாதவன் கதை எழுதக்கூடாது."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணாடியில் எனக்கு அவள் தோள் குலுங்குவது தெரிந்தது. நான் சிக்னலைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன். நல்ல டிரைவர்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அத்தானை என் அறைக்கு வரச் சொன்னேன். என்ன பேசுவது என்று முந்தின ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்திருந்தேன். அவர் வந்து சோபாவில் உட்கார்ந்ததும் ஒத்திகை எல்லாம் காற்றில் போய்விட்டது. "இதைப் பாருங்க அத்தான்" என்று மட்டும் சொல்லி ஓடவிட்டேன்.

டிரைவர் கூடத்தைக் கடந்தார். "அம்மா, ஃபோனை ரிப்பேர் பண்ணி மேசை மேல வச்சிருக்கேன்."

அத்தான் திரையை நோக்கி முன்னால் சாய்ந்தார். "இன்னொரு தடவை போடு," என்றார். போட்டேன். மூன்றாவது தடவை டிரைவரோடு சேர்ந்து அவரும் அந்த வரியைச் சொன்னார். நாலாவது தடவை எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார்.

"அன்னிக்கு மழை மாப்ள! விளக்கு வண்டி வரல. அந்த மனுஷன் 'ரிப்பேர்'ங்கிறதை 'ரிப்பீர்' 'ரிப்பீர்'னு சொல்லிக்கிட்டே இருந்தார். நான் படிக்கட்டுல உக்காரவச்சுச் சொல்லிக் கொடுத்தேன். பச்சைக் கலர் பெயின்ட் அடிச்ச படிக்கட்டு. அவர் மகளுக்கு அன்னிக்குப் பரீட்சைன்னுகூடச் சொன்னார்." ஒன்று ஒன்றாக வந்துகொண்டே இருந்தது, நிறுத்த முடியவில்லை. "எனக்கு ஒண்ணுமில்ல. மாப்ள, எனக்கு ஒண்ணுமே இல்லடா!"

என் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தார். இருபது வருடத்தில் ஒரு நாளும் செய்யாதது. உடனே ஃபோனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டு, நானும் கேட்பதற்காகச் சத்தமாக வைத்தார்.

"ஏய், நான் எழுதியிருக்கேன்டி! இருக்கு, அந்த வரி இருக்கு! நம்ம மாப்ள அத்தனை ஃபுட்டேஜையும் துழாவித் தேடிக் கண்டுபிடிச்சுட்டான். நேத்து நான் சொன்னதைக் கேட்டுட்டு ராவெல்லாம் உக்காந்து தேடியிருக்கான்போல, மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

அந்தப் பக்கம் அக்கா அழுவது கேட்டது. "தம்பி, இருக்கியாடா? உனக்கு நான் என்னடா செய்வேன். இந்த அஞ்சு மாசமா அவர் தூங்கலடா, நானும் தூங்கல. நீ நல்லா இருக்கணும்டா."

நான் செய்யவேண்டியது ஒன்றுமே இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அத்தானுக்குத் தலை சரியாகிவிட்டது, திங்கட்கிழமை தயாரிப்பாளரிடம் போக மாட்டார், அக்கா தூங்குவாள். எனக்கு நல்லவன் என்ற பட்டம் வேறு. என் தொழில் கணக்குப்படி, இந்த இடத்தில் ஒரு வெட்டுப் போட்டு விளக்கைப் போட்டால், எல்லோரும் சந்தோஷமாக எழுந்து போவார்கள். அத்தானின் கை என் தோள்மேல் இருந்தது. அந்தக் கை அங்கேயே இருக்க வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

"தேடலக்கா," என்றேன்.

"என்னடா?"

"நான் எதையும் தேடல. அந்தத் துண்டை வெட்டினதே நான்தான். சத்தத்தை அணைச்சுட்டுப் பாத்ததுல பேச்சு இருக்கிறது தெரியல. அது தெரியாம செஞ்சது. ஆனா படம் வந்த முதல் நாளே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. டைரக்டர் கேட்டப்பவும் தெரியும். அத்தான் இங்க வந்து கேட்டப்பவும் தெரியும்."

அத்தான் கையை எடுக்கவில்லை. எடுப்பதற்கு மறந்துவிட்டவர்போல் நின்றார். திரையில் அந்த இரண்டரை நொடி முடிந்து முடிந்து மறுபடி தொடங்கிக்கொண்டிருந்தது. நிறுத்த வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. பிறகு அவர் மெதுவாகக் கையை எடுத்து, சோபாவுக்குப் போய் உட்கார்ந்து, இரண்டு முழங்காலையும் பிடித்துக்கொண்டார்.

"ஏன் மாப்ள?" என்றார். கோபமே இல்லாத குரல். உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"பேர் கெட்டுடும்னு பயந்தேன் அத்தான்."

"யார் பேரு?"

ஃபோனில் அக்கா அழுவதை நிறுத்தியிருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டிவிட்டால் நன்றாக இருக்கும் என்று வேண்டிக்கொண்டுகூட இருந்தேன். என்னைத் தூக்கி வளர்த்தவள், அவளுக்கு அந்த உரிமை உண்டு. அவள் திட்டவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற குரலில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நேத்து டாக்டர்கிட்ட மூணாவது வார்த்தை வராம அவர் என் முகத்தைப் பாத்தாரே. அப்ப நீயும் அந்த ரூம்லதானே இருந்த?"

"இருந்தேன்க்கா," என்றேன்.